வட்டார வழக்கில் உரையாடல்: எவ்வளவு எழுதினால் போதும்?

கேள்வி: தேரிமணல்

அனைவருக்கும் வணக்கம். திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் நடப்பதாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பனையேறிக் குடும்பம் ஒன்றின் கதை அது. தந்தை பனையேறுகிறார், தாய் விடிலியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறார், மூத்த மகன் பள்ளியை விட்டுவிட்டுத் தந்தையுடன் காட்டுக்குப் போகத் தொடங்குகிறான். அவனை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவர முயலும் ஆசிரியை, கோபிசெட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து வந்து அங்குள்ள மிஷன் பள்ளியில் வேலை பார்ப்பவர்.

கதையின் போக்கில் எனக்குக் குழப்பம் இல்லை. உரையாடலில்தான் தடுமாறுகிறேன். எழுதி முடித்த அத்தியாயங்களை இருவரிடம் படிக்கக் கொடுத்தேன். சென்னையில் வளர்ந்த நண்பர், பேச்சு வரும் இடங்களில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்ததாகவும், ஒரு கட்டத்துக்குமேல் அவற்றைத் தாண்டிப் போய்விட்டதாகவும் சொன்னார். குரும்பூர்ப் பக்கத்து உறவினரோ, எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பேசுவதில்லை, இது சினிமாவில் வரும் நெல்லைத் தமிழ் என்றார். ஒருவருக்கு வழக்கு மிகுதியாகத் தெரிகிறது, மற்றவருக்கு அது பொய்யாகத் தெரிகிறது. இரண்டு குறைகளையும் ஒருசேர எப்படிக் களைவது? மாதிரிக்கு ஒரு பகுதியைத் தருகிறேன். தந்தை மரத்திலிருந்து இறங்கி வந்து மகனிடம் பேசுகிறார்:

“ஏலே, அங்கன என்னத்தலே பாத்துக்கிட்டு நிக்கே? வெயிலு ஏறுததுக்கு மின்னால பதினிய அடுப்புல ஏத்தணும்லா, இல்லன்னா புளிச்சிருமேலே. ஒங்கம்ம காத்துக்கிட்டு இருப்பாலே. கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிட்டியாலே? இல்ல அதையும் நாந்தாஞ் செய்யணுமாலே?”

“தடவிட்டம்ப்பா. நேத்தே தடவியாச்சுல்லா. அம்ம சொன்னா, அதாம் தடவிட்டேம்லா.”

இதை எப்படித் திருத்துவது என்பதோடு, ஆசிரியையின் கொங்குப் பேச்சை எந்த அளவுக்குக் காட்டுவது என்பதையும், கதைசொல்லியின் மொழி எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பாளையங்கால்

வணக்கம் நண்பரே. உங்கள் உறவினர் சொன்னதிலிருந்து தொடங்குவோம். அதைச் சரிசெய்தால் சென்னை நண்பரின் குறையில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கொடுத்த மாதிரியில் தந்தையின் பேச்சில் மட்டும் ‘லே’ ஆறு முறை வருகிறது. எங்கள் பக்கத்தில் அந்த விளி பேச்சின் இரண்டு மூன்று இடங்களில்தான் விழும்: ஒருவனைக் கூப்பிடும்போது, கோபம் ஏறும்போது, சில வேளைகளில் கொஞ்சும்போது. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் அதை ஒட்டவைத்தால், பேசுகிறவர் ஊர்க்காரர் என்பதை வாசகனுக்கு நினைவுபடுத்துவதற்காகவே பேசுகிறார் என்று ஆகிவிடுகிறது. உறவினர் ‘சினிமா’ என்று சொன்னது இதைத்தான். மகனின் பேச்சில் வரும் ‘லா’வுக்கும் இதே கதிதான்.

அடுத்து எழுத்தைப் பார்ப்போம். ‘வெயிலு’ என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலைப் பேச்சில் ‘வெயிலு’ என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. ‘இல்லன்னா’ என்பதும், ‘அதாம்’ என்பதும் அப்படியே. இவை பொதுவான பேச்சுத் தமிழின் கூறுகள். பேசுகிறவர் எந்த ஊர் என்று இவை காட்டுவதில்லை. ஆனால் அச்சில் கண்டு பழகிய சொல்லின் வடிவத்தை மாற்றிவிடுவதால் படிப்பவரின் கண்ணை மட்டும் நிறுத்துகின்றன. மாறாக, ‘ஏறுததுக்கு’, ‘நிக்கே’, ‘அங்கன’, ‘ஒங்கம்ம’ ஆகியவை ஊரைச் சொல்கின்றன. ‘சொல்லுதேன்’, ‘பேசுதான்’, ‘கேக்கான்’ என்று நிகழ்காலம் வருவதும், பெரியவர்களிடம் ‘வாரியளா’, ‘என்ன சொல்லுதிய’ என்று கேட்பதும், மரியாதைக்குரியவரை ‘அவிய’ என்று சுட்டுவதும் தெற்கே உள்ளவர்களின் பேச்சை உடனே அடையாளம் காட்டும். ஆகவே வட்டாரத்தைக் காட்டும் வடிவங்களை உறுதியாக வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவான பேச்சொலிகளை முடிந்தவரை வழக்கமான எழுத்திலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ‘வெயில்’ என்று அச்சிட்டாலும் தமிழ் வாசகன் மனதுக்குள் அதைப் பேச்சாகவே ஒலித்துக்கொள்வான்.

இந்த உரையாடலில் வழக்கோடு தொடர்பில்லாத ஒரு சிக்கலும் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் பதநீரை அடுப்பில் ஏற்றாவிட்டால் புளித்துவிடும் என்பது பனையேறியின் மகனுக்குத் தெரியாத செய்தி அன்று. தந்தை அதை அவனிடம் சொல்லவில்லை, நமக்குச் சொல்கிறார். அப்படிப்பட்ட வாக்கியத்தை எந்த வட்டார வழக்கில் எழுதினாலும் அது செயற்கையாகத்தான் ஒலிக்கும். அந்தச் செய்தியை எடுத்துவிட்டு, அன்றைக்கு அந்த மனிதருக்கு உண்மையில் என்ன எரிச்சல் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஏலே, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கே? கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவியாச்சா?”

“நேத்தே தடவியாச்சு.”

“ஒங்கம்ம விடிலியில ஒத்தயில கெடந்து சாவுதா. நீ இங்கன வேடிக்க பாக்கே.”

இதில் ‘லே’ ஒரே முறை வருகிறது. மகன் ‘அப்பா’ என்று சொல்லவில்லை. அதனால் அவனுடைய மனத்தாங்கல் தெரிகிறது. புளித்துப்போகும் என்ற செய்தியை, தாய் ஒரு கலயத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தனியே எடுத்து வைக்கும் இடத்தில் கதைசொல்லியே காட்டிவிடலாம்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது விளிகளைப் பற்றியது. நம் பேச்சில் யார் யாரை எப்படி அழைக்கிறார் என்பதிலேயே உறவு, வயது, சாதி, பணம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. எழுதத் தொடங்குவதற்கு முன் உங்கள் பாத்திரங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் மற்றவரை எப்படி அழைப்பார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்கும் சம வயதுக்காரனுக்கும் ‘ஏலே’, சிறுமிக்கு ‘ஏட்டி’, நடுவயது ஆண்கள் தமக்குள் ‘வே’ என்றும் ‘நீரு’ என்றும் பேசும் உரிமை கலந்த மரியாதை, கடைக்காரருக்கு ‘அண்ணாச்சி’, அண்ணன் மனைவிக்கு ‘மயினி’. கருப்பட்டி வியாபாரி உங்கள் கதையில் கட்டாயம் வருவார். பனையேறி அவரை ‘மொதலாளி’ என்று அழைத்து, ‘வாரிய, போறிய’ என்று பேசுவார். வயதில் இளைய வியாபாரி அவரைப் பெயர் சொல்லி, ‘லே’ போட்டுக்கூடப் பேசக்கூடும். பக்கத்தில் நிற்கும் மகன் அதைக் கேட்கிறான். அந்த ஓர் எழுத்து அவனுக்குள் செய்யும் வேலையை எழுதிவிட்டால், அவன் பள்ளிக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற உங்கள் நாவலின் கேள்வியே அங்கே வந்து நின்றுவிடும். உரையாடல் முழுவதும் ‘லே’யை இறைத்து வைத்திருந்தால், அந்த இடத்தில் அது யாருடைய காதிலும் விழாது.

பிற்பாடு மகன் முதல் முறையாகத் தனியே மரமேறி இறங்கும் நாளில், தந்தை அவனை ‘ஏலே’ என்று அழைக்காமல் பெயர் சொல்லி அழைத்தால் போதும். அதைப் பற்றிக் கதைசொல்லி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

மறுமொழி: செம்மண்

பாளையங்கால் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் சென்னை வாசகருக்குப் புரியவில்லை என்பதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குக் கேள்வி இருக்கிறது.

ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சை வைத்து ‘நாகம்மாள்’ நாவலை எழுதி வெளியிட்டது 1942இல். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் இருந்துகொண்டு கரிசல் மக்களின் பேச்சையே தம் எழுத்தின் மொழியாக்கிக்கொண்ட கி. ராஜநாராயணனுக்கு 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவர்கள் எழுதத் தொடங்கியபோதும் ‘இது எங்களுக்குப் புரியவில்லை’ என்று சொல்லக்கூடிய வாசகர்கள் இருந்திருப்பார்கள். சில பக்கங்கள் தாண்டியதும் காது பழகிவிடும். வெளியூருக்கு வாழப்போன பெண்ணுக்கு அந்த ஊர்ப் பேச்சு எப்படிப் பழகிவிடுகிறதோ அப்படித்தான் இதுவும்.

ஆகவே முதல் அத்தியாயத்தில் வழக்கைக் குறைத்து எழுதிவிட்டுப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் உத்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலர் அப்படிச் செய்யச் சொல்வார்கள். அதனால் ஒரே மனிதர் பத்தாம் பக்கத்தில் ஒரு விதமாகவும் நூறாம் பக்கத்தில் வேறு விதமாகவும் பேசுகிறவர் ஆகிவிடுவார். எந்த அளவு என்று முடிவு செய்கிறீர்களோ அதை முதல் வரியிலிருந்தே வைத்துக்கொண்டு, முதல் அத்தியாயத்தின் உரையாடல்களை மட்டும் சற்றுச் சுருக்கமாகவும், பேசும்போது கையில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்படியாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். சொல் புரியாத இடத்தில் செயல் புரியவைக்கும்.

சொல்லகராதிகளைப் பற்றியும் ஒரு சொல். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார அகராதி, அ. கா. பெருமாள் தொகுத்த நாஞ்சில் வட்டார வழக்குச் சொல்லகராதி, பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஆகியவற்றைக் கட்டாயம் அருகில் வைத்திருங்கள். ஆனால் எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பதற்கு மட்டும் அவற்றைத் திறப்பது நல்லது. எழுதும்போதே திறந்து வைத்துக்கொண்டால், அரிய சொல் ஒன்றைக் கண்டதும் அதை எங்கேயாவது வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். அப்படி வைக்கப்பட்ட சொல் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அகராதி சொல்லைத் தரும். அந்தச் சொல்லை ஒரு கிழவி எந்த வேகத்தில், எந்த வாக்கியத்தின் எந்த இடத்தில் போட்டுப் பேசுவாள் என்பதை அது தராது. 1961இல் பதின்வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு அருகில் வயது. அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுமதியோடு பேச்சைப் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதிப் பாருங்கள். அவர்கள் வாக்கியங்களை எங்கே முடிக்காமல் விடுகிறார்கள் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

மறுமொழி: கீழ்பவானி

நான் கோபியைச் சேர்ந்தவள் என்பதால் ஆசிரியையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொங்குப் பெண் என்றதும் ‘ஏனுங்’, ‘சரிங்’, ‘வாங்’ என்று எல்லாப் பேச்சையும் ‘ங்’ போட்டு முடிப்பது எழுத்திலும் திரையிலும் நடக்கிறது. உங்கள் ஆசிரியையை அப்படிப் பேசவைத்துவிடாதீர்கள். அந்த விகுதி எங்கள் பக்கத்தில் மரியாதைக்குரியது. பெரியவர்களிடமும், புதியவர்களிடமும், சில குடும்பங்களில் கணவன் மனைவிக்குள்ளும் வரும். பள்ளிப் பிள்ளையிடம் ஆசிரியை அப்படிப் பேசமாட்டார்; ‘கண்ணு’ என்றோ ‘சாமி’ என்றோ அழைப்பார், அல்லது வெறுமனே பெயரைச் சொல்வார்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து, வேறு மாவட்டத்துக்கு வேலைக்கு வந்த பெண், 1961இல், தன் ஊர்ப் பேச்சை அப்படியே பேசிக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைமையாசிரியரிடம் புத்தகத் தமிழுக்கு நெருங்கிய ஒரு பேச்சில் பேசுவார். பனையேறியின் மனைவியிடம் பேசும்போது, புரிய வேண்டும் என்பதற்காகவே ஊர் தெரியாத பொதுப் பேச்சுக்கு வருவார். அவருடைய கொங்குத் தமிழ் வெளிப்படும் தருணங்கள் குறைவாகவே இருக்கும்: மிகுந்த கோபத்தில், சட்டென்று பயந்துபோகும்போது, ஊரிலிருந்து வந்தவரைப் பார்க்கும்போது. மற்ற நேரங்களில் ‘போகோணும்’, ‘வரோணும்’ என்று ஒரு வினைமுற்று மட்டும் தவறி வந்துவிடும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக் காட்டுவார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளும் அதைச் செய்யாமல் விடமாட்டார்கள்.

காலம் செல்லச் செல்ல அவருடைய பேச்சும் மாறும் என்பதை நாவலில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கதை நடக்கிறது என்கிறீர்கள். தொடக்கத்தில் ‘டீச்சர், இவன் அடிக்கான்’ என்று பிள்ளை முறையிடும்போது அவருக்குக் காதில் புதிதாக விழும் வடிவம், கடைசியில் அவர் வாயிலிருந்தே வரலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் அவர் தங்கை அதைக் கவனித்துச் சொல்வதாக வைத்தால், அவர் அந்தத் தேரிக்காட்டு ஊருக்கு உரியவராகிவிட்டார் என்பது தெரிந்துவிடும்.

கடிதம் எழுதும் காட்சி இருந்தால், அக்காலத்துக் கடிதத்தின் மொழியைத் தனியே கவனியுங்கள். நலம் விசாரிக்கும் முதல் வரிகள் வரையறுத்த நடையில் இருக்கும். ‘நிற்க’ என்று எழுதியபின் செய்தி தொடங்கும். பணமோ நோயோ பற்றிய இடம் வரும்போது நடை உடைந்து பேச்சு உள்ளே வந்துவிடும். அவர் தந்தை எழுதும் கடிதத்தில், அந்த உடையும் இடத்தில் மட்டும் எங்கள் ஊர்த் தமிழை எழுதுங்கள். உரையாடலில் காட்ட வேண்டும் என்று நீங்கள் நினைத்த கொங்கு முழுவதற்கும் அந்தக் கடிதம் ஈடு செய்துவிடும்.

மறுமொழி: நாலணா

இடத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உரையாடலுக்குக் காலமும் உண்டு என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

பதின்ம நாணய முறை 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் 16 அணா. பிறகு 100 நயா பைசா. ‘நயா’ என்ற அடைமொழி 1964 வரை இருந்தது. ஆகவே உங்கள் கதை நடக்கும் ஆண்டுகள், கையில் ஒரு காசும் வாயில் வேறொரு காசுமாக மக்கள் வாழ்ந்த ஆண்டுகள். நாலணா என்பது சரியாக 25 பைசா என்பதால் அந்தச் சொல் பல்லாண்டுகள் பேச்சில் தங்கியது. ஓர் அணாவுக்கோ 6¼ பைசா என்று கணக்கு வரும். அந்தக் கால் பைசாவில் யார் இழப்பது என்ற சண்டை கடைகளில் நடந்திருக்கும். எடையிலும் இப்படித்தான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்துகொண்டிருந்த நேரம் அது. பழைய கணக்கில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வியாபாரி புதிய தராசுக்கல்லை வைத்துக் கிலோவில் பேச, தாய் வீசையிலேயே கணக்குக் கேட்டால், பள்ளிக்குப் போன மகன் இரண்டையும் மாற்றிப் பார்க்கத் தெரிந்தவனாக அங்கே நிற்கிறான். ஆசிரியையின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைக்காது. அவர் அந்த இடத்தில் இருக்கவும் வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் தேவை. தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் பிரிந்தது. உங்கள் பாத்திரங்களுக்கு அது திருநெல்வேலி ஜில்லா. கோபி அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. ‘டென்ஷன்’, ‘சூப்பர்’ போன்றவை யாருடைய வாயிலும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கலெக்டர்’, ‘தாசில்’, ‘லாந்தர்’, ‘ரேடியோ’ ஆகியவை தாராளமாக வரலாம். வட்டாரச் சொல்லில் தவறினால் அந்த வட்டாரத்துக்காரருக்கு மட்டும் தெரியும். காலத்தில் தவறினால் எல்லா ஊர் வாசகருக்கும் தெரிந்துவிடும்.

தேரிமணல்

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. விளிகளைத் தாளில் எழுதத் தொடங்கிவிட்டேன். எழுதும்போதே, தாய் தன் மூத்த மகனை என்ன சொல்லி அழைக்கிறார் என்று நான் இதுவரை முடிவு செய்யவே இல்லை என்பது தெரியவந்தது. வீசைக்கும் கிலோவுக்குமான காட்சியை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றுகிறது. கீழ்பவானி அம்மா சொன்ன கடிதத்தையும் சேர்க்கப் போகிறேன்.

எஞ்சியிருப்பது கதைசொல்லியின் மொழி. உரையாடல் வழக்கிலும் விவரணை பொதுத் தமிழிலும் இருந்தால் இரண்டு வேறு நூல்களைப் படிப்பதுபோல ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். தொழிற்சொற்களுக்கு அடிக்குறிப்பு தருவதா, பின்னிணைப்பில் பொருள் தருவதா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: பாளையங்கால்

கதைசொல்லி ஊர்க்காரர் ஒருவராகவே நின்று கதை சொன்னால் விவரணையையும் வழக்கில் எழுதலாம். கரிசல் எழுத்தில் அதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஆனால் நீங்கள் படர்க்கையில் எழுதுகிறீர்கள். கதை பனையேறியின் வீட்டுக்கும் ஆசிரியையின் அறைக்கும் மாறி மாறிப் போகிறது. அப்படியிருக்க, திருநெல்வேலிப் பேச்சில் விவரித்தால் ஆசிரியையின் மனதுக்குள் நுழையும்போது இடறும். ஆகவே விவரணையை எளிய எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, அதற்குள் அந்தந்த மனிதரின் தொழிற்சொற்களை மேற்கோள் குறி இல்லாமல், சாய்வெழுத்து இல்லாமல், விளக்கம் இல்லாமல் புழங்கவிடுங்கள். நீங்கள் அஞ்சும் பிளவு அப்போது வராது. ஒரு பத்தியை எழுதிக் காட்டுகிறேன்:

முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து, அதில் ஒரு கால் ஊன்றி மரத்தைக் கட்டிக்கொண்டான். தளைநார் இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தது. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே இடம் பார்த்து அமர்ந்து, இடுப்புப் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்தான். கலயத்தை அவிழ்த்தபோது அதன் அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் பதநீர் இருந்தது. காய்ந்திருந்த வெட்டுவாயை மெல்லச் சீவிவிட்டு, நீர் துளிர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சீவினால் இந்நேரம் சொட்டியிருக்கும்.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அது எழுத்துத் தமிழ்தான். ஆனால் அதை நினைப்பவன் மகன். ‘என்று அவன் நினைத்தான்’ என்று சேர்க்காததால் கதைசொல்லியின் குரலுக்கும் அவன் குரலுக்கும் நடுவிலுள்ள தூரம் குறைகிறது. உரையாடலுக்கு முன்னும் பின்னும் இப்படிப்பட்ட வாக்கியங்கள் இருந்தால், வழக்குக்குள் போய் வருவது இயல்பாக நடக்கும். முருக்குத்தடி, தளைநார் ஆகிய சொற்களை முன்பின் கேட்டறியாத வாசகருக்கும் அவை எதற்குப் பயன்படுகின்றன என்பது இங்கே தெரிந்துவிடுகிறது. அவற்றின் சரியான உருவம் தெரியாமல் போனால் கதைக்கு எந்த இழப்பும் இல்லை. அடிக்குறிப்பு வேண்டவே வேண்டாம்; அது ஒவ்வொரு முறையும் வாசகனைப் பனையிலிருந்து இறக்கிவிடும். பதிப்பாளர் வற்புறுத்தினால் நூலின் இறுதியில் ஒரு சொற்பட்டியல் கொடுங்கள். அதுவும் அகராதியில் கிடைக்காத சொற்களுக்கு மட்டும் போதும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் வட்டார வழக்குகள் பலவும் குறியீட்டோடு இடம்பெற்றிருப்பதால், அதில் இல்லாதவற்றைப் பிரித்தெடுப்பது எளிது.

நீண்ட உரையாடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசியவை அனைத்தையும் நேர்கூற்றில் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வியாபாரி வந்ததும் ஊர்ச் செய்திகளைக் கேட்டதும் முன்பணத்தை நினைவூட்டியதும் அயற்கூற்றில் இரண்டு வரிகளில் முடியலாம். விலை சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் வாயிலிருந்தே வரட்டும். சென்னை நண்பர் தாண்டிப் போன பக்கங்களில் பலவும் இப்படிச் சுருக்கியிருக்க வேண்டியவையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் எந்தெந்த இடத்தில் தாண்டினார் என்று ஓரத்தில் கோடிட்டுத் தரச் சொல்லுங்கள்.

‘என்றான்’, ‘என்றாள்’ என்பதை மாற்றி ‘வினவினான்’, ‘பகர்ந்தாள்’ என்று எழுதாதீர்கள். இருவர் மட்டுமே பேசும் இடத்தில், விளியே யார் பேசுகிறார் என்பதைக் காட்டிவிடும்.

கைப்பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பும்போது, நீங்கள் உறுதி செய்த வடிவங்களை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்து அனுப்புங்கள்: ‘சொல்லுதேன்’ என்பதுதான் சரி, ‘சொல்லுறேன்’ அன்று, ‘பதினி’ என்பது உரையாடலில், ‘பதநீர்’ என்பது விவரணையில், ‘ஒங்கம்ம’ ஒரே சொல்லாக, ஆசிரியையின் பேச்சில் ‘வரோணும்’ வரும் பக்கங்கள் இவை. மெய்ப்புப் பார்ப்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் ஓர் இடத்தில் பிழையென்று திருத்துவார், மற்றோர் இடத்தில் விட்டுவிடுவார். முதல் மெய்ப்பு வந்ததும் கதையைப் படிக்காமல், உரையாடல் வரிகளை மட்டும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.